இருபத்தெட்டுப் படங்கள்

“செப்டம்பர் எட்டாம் தேதி வரேன்” என்றாள் பேட்ரிசியா. “மாதா திருநாளுக்கு. பூ இருக்கும்ல?”

“இருக்கும்” என்றான் கிரகோரி.

சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான், பின்கட்டுப் பக்கம் போய்ச் செடியைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தான். பொந்தியானில் அவள் அப்பா இருமுவது கைபேசியில் கேட்டது. அவள் “சரி, வெக்கிறேன்” என்று வைத்துவிட்டாள்.

அடுப்படிக் கதவைத் திறந்தான். மாசாயில் அவர்கள் குடியிருந்த தாமான் குடியிருப்பின் கடைசி வரிசை வீடு அது. பின்புறம் சிமென்ட் தரை, அதற்கப்பால் கால்வாய், கால்வாய்க்கு அந்தப் பக்கம் அடுத்த வரிசைக்காரர்களின் துணிக்கொடி. தரையின் ஓரத்தில், பாதியாக அறுத்த நீலப் பீப்பாயில் மல்லிகை நின்றது. நின்றது என்று சொல்வதற்கு அதன் குச்சிகள் மட்டுமே மிச்சம். இலைகள் சுருண்டு பழுத்து, தொட்டதும் விரலோடு வந்தன. உள்ளங்கையில் வைத்து மூடினான். பொடியாயிற்று. மண் இறுகிச் சுருங்கி, பீப்பாயின் சுவரை விட்டு ஒரு விரல் அகலம் விலகியிருந்தது.

மழை பெய்யாத ஊரில்லை அது. ஆனால் கனமழையில் மொட்டுதிரும் என்று பேட்ரிசியாதான் செடியைத் தகரக் கூரைக்கு அடியில் வைத்திருந்தாள். அந்த இடத்தில் ஒரு சொட்டு விழ வேண்டுமென்றாலும் மனுசக் கை வேண்டும்.

அந்தக் கை நான்கு வாரமாக வரவில்லை. ஆனால் நான்கு வாரமும் தினம் ஒரு படம் பொந்தியானுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கிரகோரிக்கு நாற்பத்தெட்டு வயது. பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையில் இருபத்து மூன்று வருடமாக வெளிவேலை ஆபரேட்டர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி வந்து, ஒவ்வொரு பம்பின் முன்னாலும் நின்று, முள் காட்டும் எண்ணைத் தாளில் எழுதுவது அவன் வேலை. முதல் பத்து வருடம் அப்படித்தான் எழுதினான். பிறகு வெயிலும் சலிப்பும் சேர்ந்துகொள்ள, அறையிலேயே உட்கார்ந்து முந்தைய எண்ணைப் பார்த்து, ஒன்று கூட்டி ஒன்று குறைத்து எழுதப் பழகினான். போன வருடம் ஒருநாள் மதியத்தோடு நின்றுபோன ஒரு பம்புக்கு, இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் அழுத்தம் எழுதி வைத்திருந்தான். மூன்று வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

அதை மனைவியிடம் சொல்லவில்லை. தினம் காலை ஆலைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி, கொங் கொங் படகுத்துறையில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் திரும்பினான். மூன்று வாரமும் முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு, ஆலை பஸ் ஓட்டுநர் இரவுச் சந்தையில் பேட்ரிசியாவைப் பார்த்து, “அண்ணனுக்கு இப்ப உடம்பு தேவலையா? மூணு வாரமா பஸ்ல காணோமே” என்று கேட்டுவிட்டார்.

அவள் கத்தவில்லை. “இருபத்தோரு நாள் அந்தச் சட்டைய நான் இஸ்திரி போட்டுக் குடுத்தேன்” என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு அந்த வீட்டில் சோறு, சாவி, கரண்ட் பில் தவிர வேறு பேச்சு அதிகம் இல்லை.

ஜூனில் அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பெட்டியைப் பூட்டிவிட்டு அவள் சொன்னது அவனுக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது.

“அப்பாவப் பாத்துக்கத்தான் போறேன். திரும்பி வரதப் பத்தி அங்க போயி யோசிக்கிறேன். ஒன்னே ஒன்னு. அந்தச் செடிய தினம் ஒரு படம் எடுத்து அனுப்புங்க. செத்துச்சுன்னா செத்துச்சுன்னு அனுப்புங்க, பரவால்ல. இன்னொரு பொய் மட்டும் வேணாம். இன்னொன்னு வந்துச்சு, நான் அங்கயே இருந்துருவேன்.”

முதல் வாரம் ஒழுங்காகச் செய்தான். அதற்குள் ஆலையை முழுதாக நிறுத்திப் பழுதுபார்க்கும் வேலை வந்தது. நான்கு வாரம், தினம் பன்னிரண்டு மணி நேரம். வேலை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கிரகோரி ஒரு காரியம் செய்தான். காலையில் சில, உச்சி வெயிலில் சில, பொழுது சாயும்போது சில என்று செடியைப் படம் எடுத்தான். வாளியோடு, வாளி இல்லாமல், இடப்பக்கம், வலப்பக்கம். இலைமேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கூட இரண்டு. எண்ணிப் பார்த்தால் இருபத்தெட்டு. நாளைக்கு ஒன்றாக அனுப்பினான். தண்ணீரும் ஊற்றத்தான் நினைத்தான். இரண்டு நாள் ஊற்றினான். பிறகு, படம் போய்க்கொண்டிருந்ததால் செடியும் இருந்துகொண்டிருக்கிறது என்று எப்படியோ மனம் நம்பிவிட்டது.

எட்டாம் தேதிக்கு இன்னும் எட்டு வாரம் இருந்தது.

மறுநாள் காலை ஆலை பஸ்ஸில் ரூபேந்திரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அதே ஷிப்ட், அவனைவிடப் பத்து வயது இளையவன், காஹாங் ஊர்க்காரன்.

“என்னணே, மூஞ்சி இப்படிக் காஞ்சு கெடக்கு?”

“செடி காஞ்சு போச்சுப்பா.”

“எந்தச் செடி?”

“அவளோட மல்லி.”

“அலமாக். அண்ணி செடியா?” ரூபேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “அப்ப காஞ்சது செடி இல்லணே, நீங்க.”

கிரகோரி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இறங்கும்போது ரூபேந்திரன், “தண்ணி ஊத்திக்கிட்டே இருங்க. வரும்” என்றான்.

ஊற்றினான். காலையும் மாலையும் ஊற்றினான். முதலில் தண்ணீர் அந்த விரல் அகல இடைவெளி வழியாக இறங்கி அடித் துளையில் வந்துவிட்டது. மண் அதைத் தொடவேயில்லை. குச்சியால் குத்திக் குத்தி இளக்கி ஊற்றினான். பத்தாம் நாள், ஒரு கணுவில் கடுகளவு பச்சை தெரிந்தது. மறுநாள் இன்னொன்று. கிரகோரி குனிந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் போய்விட்டது. மோட்டார் சைக்கிளில் போக வேண்டியதாயிற்று.

அன்று மதியம் ரூபேந்திரனிடம் சொன்னான். அடுத்த ஓய்வு நாள் முடிந்து காஹாங்கிலிருந்து வந்தபோது ரூபேந்திரன் ஒரு பால்மாவு டின்னைக் கொடுத்தான். உள்ளே சாம்பல் நிற உரக் குருணை. அவன் அண்ணன் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி.

“ஒரு மரத்துக்கு ரெண்டு கிலோ போடுவாங்கணே. இதுக்கு ரெண்டு கை போதும்.”

“தாங்குமா?”

“பத்தலன்னா சொல்லுங்க. மூட்டையே இருக்கு.”

ரெண்டு கை போட்டான். மூன்றாம் நாள் அந்தப் பச்சை முளைகள் தீக்குச்சி பட்டதுபோலக் கறுத்துச் சுருங்கியிருந்தன. மண்மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. கிரகோரி வாளியைக் கீழே வைத்தான். ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தான். தான் பார்க்காமல் விட்டது போதாதென்று, பார்த்துப் பார்த்துச் செய்ததும் அதைக் கொன்றிருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

உலு திராம் சாலையோரம் ஷாமளா என்கிற பெண் நர்சரி வைத்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ரப்பர் பூட்சும் கையில் குழாயுமாக வரிசை வரிசையாகத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். கறுத்த குச்சியைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். அவள் குழாயை மூடவில்லை.

“என்ன போட்டீங்க?”

“உரம்.”

“என்ன உரம்?”

“செம்பனைக்குப் போடறது. ரெண்டு கை.”

அவள் குழாயை மூடினாள். அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“அண்ணே, மயங்கிக் கெடக்குற ஆளு வாயில பிரியாணிய அடைப்பீங்களா?”

அவன் முகத்தைப் பார்த்து அவள் கொஞ்சம் இறங்கி வந்தாள்.

“இன்னிக்கே அந்த மண்ண மாத்துங்க. செடியத் தூக்கி, வேரக் கழுவி, கறுத்த வேரெல்லாம் வெட்டிருங்க. அதுக்கு முன்னாடி குச்சிய நகத்தால கீறிப் பாருங்க. உள்ள பச்ச தெரிஞ்சா உசுரு இருக்கு. பச்ச தெரியுற எடம் வரைக்கும் வெட்டுங்க. தெரியலன்னா இன்னும் கீழ கீறுங்க.”

“எங்கயுமே தெரியலன்னா?”

“இங்க வாங்க. புதுசு இருக்கு.” கறுப்பு மண் ஒரு பையும் தேங்காய் நார் ஒரு பையும் எடுத்து வைத்தாள். “உரத்தக் கண்ணால பாக்காதீங்க. தண்ணி, விரல உள்ள விட்டுப் பாத்துட்டு. ரெண்டு கணு ஆழம் காஞ்சிருந்தா மட்டும். கண்ணால பாத்துட்டு ஊத்தாதீங்க, மேல் மண்ணு ஏமாத்தும்.”

அன்று மாலை கிரகோரி குச்சி குச்சியாகக் கீறினான். முதல் குச்சி பழுப்பு. கொஞ்சம் கீழே கீறினான், பழுப்பு. அடுத்தது, அதற்கடுத்தது. வெட்டி விழுந்தவை காலடியில் குவிந்தன. நகம் உடைந்து சமையல் கத்தியால் கீற வேண்டியதாயிற்று. நடுத்தண்டிலும் பழுப்பு. கடைசியாக மண்ணை ஒட்டி, தண்டு இரண்டாகப் பிரிகிற இடத்தில் கத்தி பட்டபோது நூல்போல ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. கைபேசியின் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான். பச்சைதான்.

அதற்கு மேலே இருந்ததையெல்லாம் வெட்டினான். மிச்சம் மூன்று விரல் உயரக் கட்டை. வேரைக் கழுவினான், கறுத்ததை நறுக்கினான், புது மண்ணில் வைத்தான்.

பிறகு உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கோடு போட்டான். தேதி, நேரம், மண், செடி, கையெழுத்து. ஆலைத் தாளில் இருக்கிற அதே வரிசை. பின்சுவரில் ஆணி அடித்து மாட்டினான். முதல் வரி ஜூலை முப்பத்தொன்று: ‘மண் ஈரம். செடி கட்டை.’

நாட்கள் போயின. கட்டை கட்டையாகவே இருந்தது. தாளில் அதையே எழுதினான். ‘மாற்றம் இல்லை.’ ஒரு நாள் இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து அப்படியே படுத்துவிட்டான். மறுநாள் தாளின் முன் நின்றபோது, விட்டுப்போன வரியில் ‘மாற்றம் இல்லை’ என்று எழுத விரல் தானாகவே போயிற்று. எழுதினால் என்ன? கட்டையில் என்ன மாறியிருக்கப் போகிறது? வெகுநேரம் நின்றான். ‘பார்க்கவில்லை’ என்று எழுதினான். அந்தச் சொல்லை அவன் கை எந்தத் தாளிலும் இதுவரை எழுதியதில்லை.

பேட்ரிசியா வாரம் ஒருமுறை கூப்பிட்டாள். அப்பா கையைத் தூக்குகிறார், கஞ்சி குடிக்கிறார். இருபத்தெட்டாவது படத்துக்குப் பிறகு அவன் படம் அனுப்பவில்லை. அவளும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதுதான் அவனைத் தின்றது. ஓர் ஓய்வு நாளில் இருபத்தெட்டையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தான். செடிக்குப் பின்னால், கால்வாய்க்கு அந்தப் பக்கக் கொடியில், சிவப்பில் மஞ்சள் பூப்போட்ட ஒரு சாரோங் தொங்கியது. முதல் படத்திலும் இருந்தது. ஒன்பதாவதிலும் இருந்தது. பத்தொன்பது படங்களில் இருந்தது, ஒரே மடிப்போடு. நான்கு வாரம் யாரும் எடுக்காத சாரோங்.

அவள் துணி காயப்போடுகிற கொடிக்கு நேர் எதிர்க் கொடி அது. அவள் கண்ணில் படாமலா இருக்கும்?

ஆகஸ்ட் பதினாறில் கட்டையின் பக்கத்தில் பச்சை புடைத்தது. இந்த முறை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தாளில் மட்டும் எழுதினான். செப்டம்பர் பிறந்தபோது இரண்டு தளிர்க்கிளைகள், பத்தொன்பது இலைகள். மொட்டு என்று ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு நுனியையும் விரித்துப் பார்த்துவிட்டான்.

“புதுசு ஒன்னு வாங்கி அதே பீப்பாயில வெச்சிருங்கணே” என்றான் ரூபேந்திரன், உணவு நேரத்தில். “மல்லி மல்லிதான். அண்ணி என்ன, செடிகிட்ட ஐசி கார்டு கேக்கவா போறாங்க?”

கிரகோரி சிரித்தான். ஆறாம் தேதி மாலை உலு திராமுக்குப் போனான்.

இடுப்புயரம், அடர்ந்த இலை, கிளைக்குக் கிளை மொட்டு. ஷாமளா அதைப் பையில் இறக்கிக்கொண்டே கேட்டாள்.

“பழசு போயிருச்சா?”

“இல்ல. தளிர் விட்டிருக்கு.”

“அப்ப இது எதுக்கு?”

அவன் பணத்தை எடுத்து நீட்டினான். அவள் அவனை ஒரு தரம் பார்த்தாள். மோட்டார் சைக்கிளின் பின்னால் செடியைக் கட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் ஏழாம் தேதி. விடிந்தால் பேட்ரிசியா பொந்தியானிலிருந்து காலை பஸ் ஏறுவாள். மாலை ஐந்து மணிக்கு கிரகோரி நீலப் பீப்பாயின் முன் மண்டியிட்டான். ஒரு பக்கம் புதுச் செடி. நான்கைந்து மொட்டுகள் வாய் திறக்கத் தொடங்கியிருந்தன. அந்த வாசம் பின்கட்டு முழுவதும் நின்றது. ஜூனுக்குப் பிறகு அந்த வீட்டில் அந்த வாசம் இதுதான் முதல் முறை. இன்னொரு பக்கம் இருபத்து மூன்று இலைகளோடு அந்தக் கட்டை.

மண்கரண்டியைக் கட்டையைச் சுற்றி இறக்கினான். ஒரு நெம்பு நெம்பினால் வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. நாளை அவள் வருவாள், மொட்டுப் பறிப்பாள், கட்டுவாள், மாதா கழுத்தில் போடுவாள். ஒன்றும் கேட்க மாட்டாள். ஒருவேளை தங்கியும் விடுவாள். கட்டையை எங்கே போடுவது? கால்வாயிலா? குப்பைப் பையிலா?

சுவரில் தாள் லேசாக ஆடியது. முப்பத்தொன்பது வரி. இன்றைய வரியில் காலை மட்டும் எழுதியிருந்தான். புதுச் செடியை வைத்தால் இந்தத் தாளைக் கிழிக்க வேண்டும். கிழிக்காமல் விட்டால் அது காட்டிக்கொடுக்கும். இருபத்து மூன்று வருடத்தில் அவன் எழுதியவற்றில், கூட்டாமல் குறைக்காமல் எழுதிய பக்கம் எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்ட முடியும். இதையா கிழிப்பது?

கரண்டியை வெளியே எடுத்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அடுப்படிக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பொந்தியானுக்கு அழைத்தான்.

“சொல்லுங்க” என்றாள்.

“பேட், பூ இல்ல.”

அவன் நிறுத்தாமல் சொன்னான்.

“அந்தப் படமெல்லாம் ஒரே நாள்ல எடுத்தது. இருபத்தெட்டும். செடி காஞ்சு போச்சு. அப்புறம் உரம் போட்டு நானே கருக்கிட்டேன். இப்ப அடியிலருந்து தளுத்திருக்கு. இருபத்து மூணு எல. மொட்டு ஒன்னும் இல்ல.” மூச்சு வாங்கினான். “நேத்து ஒரு புதுச் செடி வாங்கிட்டு வந்தேன். மாத்தி வெக்கலாம்னு. மாத்தல.”

சுவர்க் கடிகாரம் ஓடியது. அந்தப் பக்கம் ஒரு கட்டில் கிறீச்சிட்டது. அவள் எழுந்து வேறு அறைக்குப் போகிறாள் போலிருந்தது. கதவு சாத்தும் ஓசை. வைத்துவிட்டாளோ என்று கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். இல்லை, விநாடிகள் ஏறிக்கொண்டிருந்தன.

“ஒனக்கு முன்னாடியே தெரியுமா?” என்றான்.

“அத இப்ப கேக்காதீங்க.”

பிறகு அவள், “தளுத்திருக்குன்னு எப்படி நம்புறது?” என்றாள். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே வழி கேட்பதுபோல இருந்தது.

“எழுதி வெச்சிருக்கேன். தாள்ல.”

“படிங்க.”

எழுந்து போய்த் தாளைக் கழற்றி வந்து படித்தான். ஜூலை முப்பத்தொன்று, மண் ஈரம், செடி கட்டை. ஆகஸ்ட் ஒன்று, மாற்றம் இல்லை. இரண்டு, மாற்றம் இல்லை. ஒரு வரியையும் தாண்டாமல் படித்தான். “பதினொன்னு, பார்க்கவில்லை” என்றபோது அவள், “என்ன?” என்றாள்.

“அன்னிக்கு பாக்கல. ரெட்ட ஷிப்ட். தூங்கிட்டேன்.”

“அப்படியேவா எழுதிருக்கீங்க?”

“ம்.”

அவன் தொடர்ந்தான். கடைசி வரி வரை வந்தான்.

“இப்ப மண்ணு ஈரமா இருக்கா?” என்று கேட்டாள்.

காலையில்தான் ஊற்றியிருந்தான். ஈரமாகத்தான் இருக்கும். ‘இருக்கு’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம், அது சரியாகவும் இருக்கும்.

“இரு” என்றான்.

எழுந்து கதவைத் திறந்து, பின்கட்டுக்குப் போய்க் குனிந்தான். ஆள்காட்டி விரலை மண்ணில் இறக்கினான். ஒரு கணு. இரண்டு கணு. சற்றுமுன் கரண்டியால் கிளறிய இடம், நாள் முழுக்கத் தகரக் கூரையின் வெக்கை வேறு. உள்ளே உதிரியாக, சூடாக இருந்தது.

“காஞ்சிருக்கு” என்றான். “ஈரம்னு நெனச்சேன். ரெண்டு கணுவும் காஞ்சிருக்கு.”

“ஊத்துங்க அப்ப.”

கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு குவளையால் மொண்டு ஊற்றினான். தண்ணீர் இறங்கும் சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அடித் துளையில் ஒழுகும்வரை ஊற்றினான்.

“அந்தப் புதுச் செடிய வீட்டுல வெக்க வேணாம்” என்றாள். “நாளைக்குக் காலைல பூவோட தூக்கிட்டுப் போயி கோயில்ல வெச்சிருங்க. மாதாவுக்கு.”

“சரி.”

“பஸ் பத்தரைக்கு லார்கின் ஸ்டேசனுக்கு வரும்.”

“நான் வந்து நிக்கிறேன்.”

“வேணாம். நானே வந்துக்குவேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “இருக்கறதா போறதான்னு இப்ப சொல்ல மாட்டேன். வந்து பாத்துட்டுத்தான்.”

“சரி.”

“தாள எடுத்துறாதீங்க.”

வைத்துவிட்டாள். கிரகோரி தாளைப் பழைய ஆணியில் மாட்டினான். கால்சட்டைப் பையில் பேனாவைத் தேடி எடுத்து, ஈர விரலோடு, ஏழாம் தேதி மாலைக்கு நேராக எழுதினான்: ‘5.40. மண் காய்ந்திருந்தது. ஊற்றினேன்.’

கையெழுத்தில் தண்ணீர் பட்டு மை லேசாகக் கலைந்தது. மாற்றி எழுதாமல் அப்படியே விட்டான்.